பனிமலை வீடும் பனைநிலத்து வீடும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்பதை ஆரம்ப வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். சமையலை வீட்டில் பழகுகிறோம். தையலை மனையியல் பாடத்தில் கற்கிறோம். உறையுள் அமைப்பதை மட்டும் எவரும் எமக்குக் கற்றுத் தருவதில்லை. சுவர் மேசனுக்கும் கூரை ஓடாவிக்கும் உரிய வேலை என்று விட்டுவிடுகிறோம். அதிலும் பெண்பிள்ளைகளுக்கு அந்த வேலையில் பங்கு இல்லை என்றே எண்ணுகிறோம். அந்த எண்ணம் சரியா என்று பார்ப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயத்துக்கு அந்நஹ்ல், அதாவது தேனீ என்று பெயர். தேனீ மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டுபவற்றிலும் தனக்கு வீடு அமைத்துக்கொள்வதை அதன் 68ஆம் வசனம் கூறுகிறது. மனிதனுக்கு வீடு அமைதி பெறும் இடமாக ஆக்கப்பட்டதை 80ஆம் வசனம் நினைவூட்டுகிறது. பயணத்தின்போது எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடிய தோல் கூடாரங்களும் அதே வசனத்தில் வீடுகளாகவே சொல்லப்படுகின்றன. கல்மாளிகையாக இருந்தாலும் கூடாரமாக இருந்தாலும் உள்ளே இருப்பவருக்கு அமைதி கிடைத்தால் அது வீடு. இந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு சிறிய வீட்டைத் தம் கையால் கட்டிக்கொள்பவர்கள் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம். முதலில் உறைபனி விழும் மலைநாட்டுக்கும், அடுத்து எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் செல்வோம்.

நான்கு கேள்விகள்

உலகின் எந்த மூலையிலும் சிறு வீடு கட்டுபவர் முதலில் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். வானத்திலிருந்து என்ன விழுகிறது? காலுக்குக் கீழே என்ன நிலம் இருக்கிறது? நடந்துபோய் எடுத்துவரக்கூடிய தூரத்தில் என்ன பொருள் கிடைக்கிறது? வேலை செய்ய யாருடைய கைகள் இருக்கின்றன? வீட்டின் வடிவம் பெரும்பாலும் இந்த விடைகளிலிருந்தே பிறக்கிறது. இடம் மாறினால் விடை மாறும், வீடும் மாறும்.

உறைபனி விழும் மலைநாட்டில்

எமக்கு மார்கழிப் பனி தெரியும். விடியற்காலையில் வேலி ஓலையிலிருந்து சொட்டும் அந்தப் பனிக்குப் பாரம் இல்லை. மலைநாட்டு உறைபனி அப்படிப்பட்டதல்ல. புதிதாக விழும்போது அது பஞ்சுபோல இலேசாகவே இருக்கும். நாள் செல்லச் செல்ல அமிழ்ந்து இறுகி, ஒரு கனமீற்றருக்கு 200 முதல் 300 கிலோகிராம் வரை கனக்கத் தொடங்கும். ஆகவே உறைபனி மிகுதியாகப் பெய்யும் இடங்களில் கூரையைச் செங்குத்தாகச் சரித்துக் கட்டுகிறார்கள். பனி தேங்கி நிற்காமல் வழுக்கி விழ வேண்டும் என்பதே நோக்கம்.

அடுத்தது நிலம். நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுகிறது. மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்தால் மண்ணே மேலெழும்பி அத்திவாரத்தைத் தூக்கிவிடும். எனவே குளிர்நாட்டில் அத்திவாரத்தை உறைநிலை எட்டாத ஆழம்வரை இறக்குவார்கள். அல்லது ஈரம் தங்காத கல் அடுக்கின் மேல் வீட்டை ஏற்றி வைப்பார்கள்.

மூன்றாவது, வெப்பத்தைப் பிடித்துவைத்தல். அறை சிறிதாகவும் கூரை தாழ்வாகவும் இருந்தால் குறைந்த விறகில் அதிக நேரம் சூடு நிற்கும். பனிமலைக் குடில்கள் சிறியவையாக இருப்பதற்கு வறுமை மட்டும் காரணமாகாது. பெரிய வீட்டைச் சூடாக்கப் பெரிய காடு வேண்டும்.

இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் எதிர்கொண்ட மக்களின் கதை ஒன்று எம் காலத்துக்கு அண்மையில் உள்ளது. 2005 ஒக்டோபர் 8ஆம் திகதி காலையில் காஷ்மீரை 7.6 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. ரமழான் மாதத்தின் முதல் வாரம் அது. 70,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாடசாலைக் கட்டடங்கள் இடிந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் இறந்தனர். முறையாகக் கட்டப்படாத கொங்கிரீற்றுக் கட்டடங்களும் கனத்த கல்வீடுகளும் சரிந்த இடங்களில், பழைய முறையில் கட்டிய சில வீடுகள் சிறு வெடிப்புகளுடன் நின்றன. அம்முறைக்கு தஜ்ஜி திவாரி என்று பெயர். ஒட்டுத்துணி போன்ற சுவர் என்பது அதன் பொருள்.

அந்தப் பெயர் தையல் தெரிந்த எமக்கு உடனே விளங்கும். முதலில் மரச்சட்டம் ஒன்றை நிறுத்துகிறார்கள். அதற்குள் நேராகவும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் சிறு மரத்துண்டுகளை அடித்து, சுவரைப் பல சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். அந்தக் கட்டங்களைச் சிறு கற்களாலும் சேற்றாலும் நிரப்புகிறார்கள். நிலம் அதிரும்போது பெரிய சுவர் ஒரேயடியாகப் பிளக்கும். சிறு கட்டங்களாலான சுவரோ ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் அசைந்து, உராய்ந்து, அதிர்ச்சியைப் பங்கிட்டுக்கொள்ளும்.

உறைபனிக்காலம் வரச் சில வாரங்களே இருந்தன. மக்கள் இடிபாட்டிலிருந்து மரங்களைப் பொறுக்கி எடுத்துத் தற்காலிகத் தங்குமிடம் அமைத்தனர். பின்னர் வந்த மீள்கட்டுமானத் திட்டத்தில் அரசு உதவிப்பணத்தைக் கட்டம் கட்டமாக வழங்க, வீட்டுக்காரரே வீடு கட்டினர். தொடக்கத்தில் ஏற்கப்படாதிருந்த தஜ்ஜி முறையும் பிறகு அங்கீகரிக்கப்பட்டது. அம்முறையில் பெருந்தொகையான வீடுகள் புதிதாக எழுந்தன. பாட்டன் காலத்துக் கைப்பழக்கம் ஒரு பேரிடருக்குப் பின்னர் பொறியியல் அறிவாக மதிக்கப்பட்டது.

லடாக்கின் மாணவர் வீடு

காஷ்மீருக்குக் கிழக்கே, இன்னும் உயரத்தில் லடாக் உள்ளது. அதன் தலைநகர் லே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாலா பக்கமும் பனிமூடிய சிகரங்கள் இருந்தாலும் ஊருக்குள் மழையும் உறைபனியும் மிகக் குறைவு. அது ஒரு குளிர்ப் பாலைவனம். அதனால் லடாக்கின் மண்வீடுகளுக்குச் சரிந்த கூரை கிடையாது, தட்டையான கூரையே உண்டு. பனிமலை நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கூரை என்று நினைத்தால் தவறாகிவிடும்.

அங்கு 1988இல் செக்மோல் என்னும் கல்வி இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் நிறுவுநர்களுள் ஒருவர் பொறியியலாளர் சோனம் வாங்சுக். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் தோற்ற மாணவர்களுக்கு இடமளிக்கும் நிறுவனம் அது. பே என்னும் கிராமத்தருகே அவர்கள் அமைத்த வளாகத்தின் கட்டுமானத்தில் மாணவர்களும் பங்குகொண்டனர். சுவர்கள் இறுக்கி இடித்த மண்ணால் ஆனவை, மிகவும் தடித்தவை. தெற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. வடக்குப் பக்கம் மண்ணால் அணைக்கப்பட்டுள்ளது. குளிர்காலத்தில் தெற்கிலிருந்து சாய்வாக வரும் வெயில் கண்ணாடியூடாக உள்ளே விழுகிறது. தடித்த மண்சுவர் பகல் முழுவதும் அந்த வெப்பத்தை உள்வாங்கி இரவில் மெல்ல வெளிவிடுகிறது. வெளியே மறை 15 பாகை செல்சியஸ் இருக்கும்போதும் உள்ளே சுமார் 14 பாகை இருக்கும். விறகும் எரிபொருளும் தேவைப்படுவதில்லை. 2016இல் மண் கட்டடக்கலைக்கான சர்வதேச தெர்ரா விருது அக்கட்டடத்துக்குக் கிடைத்தது. பரீட்சையில் தோற்றவர்கள் என்று ஊர் சொன்ன பிள்ளைகளின் உழைப்பும் சேர்ந்து எழுந்த கட்டடம் அது.

ஆனால் மண்வீட்டுக்கு நீர் பகை. 2010 ஓகஸ்ட் மாதத்தில் லே பகுதியில் திடீரென மேகம் உடைத்ததுபோல் மழை கொட்டி, வெள்ளமும் சேறும் பாய்ந்து பல வீடுகளை அழித்தன. மழையே அரிதான இடத்துக்கென அமைந்த வீடுகள் அந்த மழையைத் தாங்கவில்லை. மழை வழக்கமாகப் பெய்யும் எம் நிலத்து மண்வீடு இந்தப் பகையை எப்படிச் சமாளித்தது என்பதை இனிப் பார்ப்போம்.

எங்கள் குடாநாட்டில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. காலுக்குக் கீழே சுண்ணக்கல் பாறை. வலிகாமத்தில் அதன் மேல் செம்மண் படர்ந்திருக்கிறது. பல இடங்களில் சில அடி தோண்டியதுமே மண்வெட்டி கல்லில் முட்டும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு பெய்துவிடும். வைகாசிக்குப் பின் சோளகம் வீசும். சித்திரை வெயில் பற்றி இக்குடாநாட்டாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடையிடையே புயலும் வரும். 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசம்பரில் புரெவிப் புயலும் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தின.

நடந்துபோய் எடுத்துவரும் தூரத்தில் இருந்த பொருள்கள் மண், வைக்கோல், பனை, தென்னை, பூவரசு, வேம்பு. இவற்றைக் கொண்டே பழைய கொட்டில்களும் மண்வீடுகளும் எழுந்தன. மூத்தவர்களிடம் கேட்டு நான் எழுதிக்கொண்ட வேலை ஒழுங்கைக் கீழே தருகிறேன்.

முதலில் காலம். மழை ஓய்ந்து தை பிறந்த பின்பே மண்வேலை தொடங்கும். ஐப்பசி மழைக்கு முன் கூரை மூடியிருக்க வேண்டும்.

அடுத்து மேடை. சுற்றியுள்ள நிலத்தைவிட ஒன்றரை, இரண்டு அடி உயரத்துக்கு மண்ணிட்டு இடித்து இறுக்குவார்கள். வெள்ளம் உள்ளே வராமலும் ஈரம் சுவரில் ஏறாமலும் காப்பது இந்த மேடைதான்.

மூன்றாவது சுவர். மண்ணில் நீர்விட்டு ஓர் இரவு ஊறவைத்து, வைக்கோலை நறுக்கிப் போட்டு, காலால் மிதித்துக் குழைப்பார்கள். சுவரை ஒரே மூச்சில் எழுப்புவதில்லை. ஏறத்தாழ ஒரு முழ உயரத்துக்கு ஒரு படை வைத்து, அது காய்ந்த பிறகே அடுத்த படை. அவசரப்பட்டால் கீழ்ப்படை பிதுங்கிவிடும். பல கொட்டில்களில் அரைச்சுவர் மட்டுமே இருக்கும். மேற்பாதியை ஓலைத் தட்டியால் மறைப்பார்கள். காற்றும் வரும், மறைவும் இருக்கும்.

நான்காவது கூரைச் சட்டம். கப்பு நட்டு, அதன் மேல் வளை ஏற்றி, நடுவில் முகட்டு வளை வைத்து, இரு பக்கமும் கைமரம் சாய்த்து, அவற்றின் மேல் குறுக்காகச் சிலாகை கட்டுவார்கள். முதிர்ந்து வைரம் பாய்ந்த பனையிலிருந்து பிளந்த கைமரத்தைக் கறையானும் எளிதில் அண்டாது. ஆணிக்குப் பதிலாகத் தும்புக்கயிறும் பனைநாரும் பயன்பட்டன. காற்றில் கூரை சற்று அசைந்து கொடுக்கும், முறியாது. ஒட்டுத்துணிச் சுவரைப் பற்றி மேலே சொன்னதும் இதே தத்துவந்தான்.

கடைசியாக வேய்தல். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரிசையும் முன்வரிசையின் பெரும்பகுதியை மூடும்படி கட்டிக்கொண்டு போவார்கள். கூரையின் விளிம்பு சுவரைத் தாண்டி வெளியே நன்றாக நீண்டிருக்க வேண்டும். மண்சுவரை மழையிலிருந்து காப்பது அந்த நீட்சிதான். தென்னங்கிடுகு ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு தாங்கும். பனையோலை அதைவிடக் கூடுதலான காலம் நிற்கும்.

ஒரு சிறு கணக்கு

நீளம் 12 அடி, அகலம் 10 அடி கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். மழைநீர் ஓலையில் ஊறாமல் ஓட வேண்டுமானால் கூரைச் சரிவு ஏறக்குறைய 45 பாகை இருக்க வேண்டும். அகலத்தின் பாதி 5 அடி. சரிவு 45 பாகை என்பதால் முகடு சுவரைவிட 5 அடி உயரத்தில் இருக்கும். பைதகரஸ் தேற்றப்படி சரிவின் நீளம் 50இன் வர்க்கமூலம், அதாவது 7.07 அடி. வெளியே நீளும் பகுதிக்கு 2 அடி சேர்த்தால் கைமரம் ஏறத்தாழ 9 அடி வேண்டும்.

இரு முனைகளிலும் ஒன்றரை அடி வீதம் நீட்டினால் கூரையின் நீளம் 15 அடி. இரு பக்கமும் சேர்ந்த பரப்பு 9 × 15 × 2 = 270 சதுர அடி. ஒரு கிடுகின் நீளம் 5 அடி என்றும், அதில் அரை அடி மட்டும் வெளியே தெரியும்படி வேய்கிறோம் என்றும் கொண்டால், ஒரு கிடுகு மூடும் பரப்பு 2.5 சதுர அடி. 270ஐ 2.5ஆல் வகுத்தால் 108. முகட்டுக்கும் சேதத்துக்கும் சேர்த்து 125 கிடுகுகள் தேவை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே அறையைத் தட்டையான கூரையுடன் காஷ்மீர் மலையில் வைத்துப் பாருங்கள். கூரை மூடும் நிலப்பரப்பு ஏறக்குறைய 18 சதுர மீற்றர். அதன் மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு இறுகிய உறைபனி நின்று, கனமீற்றருக்கு 250 கிலோகிராம் என்று கொண்டால், மொத்தப் பாரம் 4,500 கிலோகிராம். பத்துக்கு மேற்பட்ட முச்சக்கர வண்டிகளைக் கூரையில் ஏற்றி வைத்ததற்குச் சமம். கூரையைச் சரித்துவிட்டால் அந்தப் பாரத்தின் பெரும்பகுதி தானே இறங்கிவிடுகிறது. அங்கு உறைபனிக்காகச் சரித்த கூரையை இங்கு மழைக்காகச் சரித்தோம். வகுப்பறையில் படித்த தேற்றம் இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருப்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது.

பெண்களின் பங்கு

வீடு கட்டுவது ஆண்களின் வேலை என்று சொல்கிறோம். மேலே உள்ள வேலைகளை யார் செய்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கப்பு நடுவதும் முகட்டில் ஏறுவதும் ஆண்கள். தென்னோலையை ஊறவைத்து, நடுமட்டையைப் பிளந்து, ஈர்க்கோடு ஈர்க்காகக் கிடுகு பின்னுவது பெரும்பாலும் பெண்கள். மண் குழைப்பதில் இரு பாலாரும். சுவரைத் தடவி மட்டப்படுத்துவதும் நிலம் மெழுகுவதும் பெண்கள். மெழுகிய நிலம் வெடித்தால் மறுபடி மெழுகுவதும், ஒழுகும் இடத்தை முதலில் கண்டுபிடிப்பதும் பெண்கள். எங்கள் கணக்கின் 125 கிடுகுகளும் யாரோ ஒரு பெண் முற்றத்தில் குந்தியிருந்து பின்னியவையாகவே இருந்திருக்கும். அவளை மட்டும் எவரும் வீடு கட்டியவள் என்று சொல்வதில்லை.

எங்கள் சமூகத்தில் இந்த அறிவு இன்னொரு வழியாகவும் வந்தது. யாழ்ப்பாணச் சோனகதெருவில் எம் முன்னோர் வாழ்ந்தவை பெரும்பாலும் கல்வீடுகள், ஓட்டுக்கூரைகள். கிடுகு பின்னும் தேவை பல பெண்களுக்கு இருக்கவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரமே. ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். பெருந்தொகையானோர் புத்தளம் மாவட்டத்துக்குச் சென்றனர். அதுவும் ஒக்டோபர், அடுத்து வருவது மாரி. பனிக்காலத்துக்கு முன் கூரை தேடிய காஷ்மீர் மக்களின் நிலையை என்னால் புரிந்துகொள்ள முடிவது இதனால்தான்.

புத்தளத்து மக்கள் காணியும் உணவும் தந்து உதவினர். அந்தத் தென்னந்தோப்புகளில் ஓலைக் குடில்கள் எழுந்தன. என் உம்மம்மா அங்குதான் கிடுகு பின்னப் பழகினார்கள். பக்கத்துக் காணியில் இருந்த ஒரு தாய் இரண்டு நாள் கூடவே இருந்து கற்றுக் கொடுத்தாராம். "முதல் மழைக்கு ஒழுகிச்சு மகள். அடுத்த வருஷ மழைக்கு ஒழுகேல்ல" என்று உம்மம்மா சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். தொழும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சாணம் சேர்க்காமல் களிமண்ணை மட்டும் கரைத்து நிலம் மெழுகினார்களாம். வீட்டுக்குக் கூரை முடியும் முன்பே கிடுகு வேலி அடைத்தார்களாம். குமர்ப்பிள்ளைகள் இருந்த குடும்பங்களுக்கு அந்த வேலிதான் முதல் சுவர்.

ஓலைக் குடிலைப் புகழ்ந்து பேசுவது எளிது. அதில் வாழ்ந்தவர்களுக்கு அதன் குறையும் தெரியும். ஒரு பொறி நெருப்பு போதும். ஆண்டுதோறும் கூரை மாற்றப் பணம் வேண்டும். ஒரே அறையில் மூன்று தலைமுறையும் படுக்க வேண்டும். அகதி வாழ்வுக்கெனப் போட்ட குடில்களில் பலர் ஆண்டுக்கணக்காக இருந்தனர். உலக வங்கியின் உதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் 2007இல்தான் தொடங்கியது. 1990இலிருந்து கணக்கிட்டால் பதினேழு ஆண்டுகள். இன்று என் வயது அது. என் வாழ்நாள் முழுவதையும் ஒரு தற்காலிகக் கூரையின் கீழ் நினைத்துப் பார்க்கிறேன். ஆதலால், எல்லோரும் குடிலுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் எழுதவில்லை. கையில் இருக்கும் அறிவை இழக்கக் கூடாது என்பதே என் கருத்து.

மீண்டு வந்தவர்களின் வீடு

2002இன் போர்நிறுத்தத்துக்குப் பின் சிலரும், 2009க்குப் பின் இன்னும் பலரும் யாழ்ப்பாணம் திரும்பினர். பல வீடுகளில் கூரையும் கதவும் நிலையும் இல்லை. சுவருக்குள் மரம் முளைத்திருந்தது. பெரும்பாலானோர் முதலில் செய்தது நான்கு தகரத்தைத் தேடி ஒரு மூலையை மூடியதுதான். தகரம் ஒழுகாது, எரியாது. ஆனால் சித்திரை நண்பகலில் தகரத்துக்குக் கீழ் நிற்பதற்கும் ஓலைக்குக் கீழ் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அறிய வெப்பமானி தேவையில்லை.

வடக்கு, கிழக்கில் 2012 ஒக்டோபரிலிருந்து நடைபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் இடப்பட்டது. வீட்டுக்காரரே பொருள் வாங்கி, ஆள் பிடித்து, மேற்பார்வை செய்து கட்ட வேண்டும். காஷ்மீரில் நடந்ததும் இம்முறைதான். சீமெந்தின் அளவு, கம்பியின் தடிப்பு, கல்லின் தரம் எல்லாவற்றையும் குடும்பத் தலைவிகள் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தெரிந்தவர்களை ஏமாற்ற முடியவில்லை. தெரியாதவர்களின் பணம் அத்திவாரத்திலேயே முடிந்தது.

2016ஆம் ஆண்டளவில் இதற்கு மாறான ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை அமைப்பது அத்திட்டம். ஒரு வீட்டின் செலவு 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் எனப்பட்டது. எமது வெப்பத்துக்கு ஏற்றதா, விறகு அடுப்புப் புகை போக வழி உண்டா, குடும்பம் பெருகும்போது ஓர் அறை கூட்டிக் கட்ட முடியுமா, பழுதானால் எங்கள் மேசனால் திருத்த முடியுமா என்ற கேள்விகள் எழுந்தன. பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். திட்டம் எண்ணியபடி நிறைவேறவில்லை. எழுந்த கேள்விகளைக் கவனித்தால், அவை இக்கட்டுரையின் தொடக்கத்திலுள்ள நான்கு கேள்விகளே என்பது புலப்படும். வானம், நிலம், பொருள், கை என்ற நான்கையும் கேட்காமல் எங்கோ வரைந்த வீடு, எவ்வளவு வலிமையான உருக்கானாலும் இங்கு வாழ்பவருக்கு அந்நியமாகவே இருக்கும்.

நாம் செய்யக்கூடியது

பனையைச் சார்ந்த கட்டுமானம் இன்று இலகுவாக இல்லை. போர்க்காலத்தில் காவலரண்களுக்காகப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. இப்போது பனை தறிக்க அனுமதி பெற வேண்டும், அது நல்லதே. ஆனாலும் பழைய வீடு கற்றுத் தந்தவற்றைப் புதிய கல்வீட்டிலும் பயன்படுத்தலாம். மேடையை உயர்த்துவதும், கூரையைச் சுவருக்கு வெளியே நீட்டுவதும், காற்று வரும் பக்கம் அறிந்து யன்னல் வைப்பதும் பெரும் செலவு பிடிக்காதவை.

மாணவிகளாகிய நாம் மூன்று காரியங்களைத் தொடங்கலாம். முதலாவது, வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் அவர்கள் வாழ்ந்த எல்லா வீடுகளையும் பற்றிக் கேட்டு எழுதிவைப்பது. குடிலையும் அகதி முகாமையும் விட்டுவிடாமல் எழுத வேண்டும். இரண்டாவது, கப்பு, வளை, முகடு, கைமரம், சிலாகை, தட்டி போன்ற சொற்களைப் படத்துடன் தொகுப்பது. சொல் மறைந்தால் அந்த வேலையைக் கேட்கவும் வழியிருக்காது. மூன்றாவது, வீட்டில் கட்டடவேலை நடக்கும்போது தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல், அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு மேசனிடம் ஏன், எதற்கு என்று கேட்பது. பெற்றோர் இதற்கு இடமளிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெண்பிள்ளைக்கு வீட்டைச் சீராக வைத்திருக்கக் கற்றுத் தருகிறீர்கள். அந்த வீடு எதன் மேல் நிற்கிறது என்பதையும் அவள் அறிந்திருப்பது நல்லது.

ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் எழுந்த மஸ்ஜிதுக்கு மண்கல்லே சுவர், ஈச்சமரத் தண்டே தூண், ஈச்ச ஓலையே கூரை. ஊரைவிட்டு வந்தவர்களும் ஊரில் இருந்தவர்களும் சேர்ந்து அதைக் கட்டியபோது நபி (ஸல்) அவர்களும் கல் சுமந்தார்கள். தம் கையால் கட்டுவது தாழ்ந்த வேலை என்று நினைக்க எமக்கு இடமே இல்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொருவருக்கும் அமைதியான ஒரு வீட்டை அல்லாஹ் அருள்வானாக. அதைக் கட்டும் அறிவையும் எங்கள் கைகளுக்குத் தருவானாக. ஆமீன்.